பனியன் ஊர் டைரி: பெயின்ட்டைப் பார்க்காதீங்க மாமா... படுத்துப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தையிடம் இருந்து போன் வந்தால் அது இரண்டே விஷயத்துக்குத்தான். ஒன்று, 'அரிசிம்பருப்பு செஞ்சிருக்கேன், வந்து சாப்பிட்டுப் போ.' இரண்டு, 'உன்ற மாமனைக் கொஞ்சம் கேளு.'

இந்த முறை இரண்டாவது.

"அம்மிணி, உங்க மாமன் காரு வாங்கப் போறாராமா."

"நல்லதுதானே அத்தை?"

"மேல மூடியில்லாத காரு. அம்பத்தெட்டு வருஷம் ஆச்சாமா அதுக்கு. அவருக்கு அறுபது. ரெண்டும் எப்படி ஓடுமுன்னு நீயே சொல்லு."

பின்னாலேயே வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. தக்காளிச் சிவப்பில், கூரை இல்லாமல், பளபளவென்று ஒரு குட்டிக் கார். கீழே விற்பவர் எழுதிய விவரம்: 'கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார். ஸ்பிட்ஃபயர் மாடல். ஃபுல் ரெஸ்டோர்டு. பெயின்ட் புதுசு, சீட் புதுசு, டயர் புதுசு. 4 லட்சத்து 60 ஆயிரம்.' மாமா அட்வான்ஸாக 25 ஆயிரம் அனுப்பியே விட்டார்.

மாமா 36 வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். போன சித்திரையில் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக் மெஷின் போட்டு பவர் டேபிள் நடத்தலாம் என்பது அத்தையின் திட்டம். '2025 ஆகஸ்டுல அமெரிக்காக்காரன் 50 சதவிகிதம் வரி போட்டதுல இருந்து பெரிய கம்பெனிக்கே ஆர்டர் ஆடுது. இப்ப மெஷின் போட்டு யாருக்குத் தைக்கிறது?' என்பது மாமாவின் வாதம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் நான்.

ஆனால், மாமாவுக்கு அந்தக் கார்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பதிமூன்று வயதில் கைமடியாக வேலைக்குச் சேர்ந்த கம்பெனியின் முதலாளி ஒரு ஸ்டேண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கைமடிப் பையன்கள்தான் தள்ள வேண்டும். தள்ளிய ஒரு நாள், முதலாளி பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு அவிநாசி வரை போய் வந்திருக்கிறார். நாற்பத்தி ஏழு வருஷமாக அந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் கேட்காத ஆள் இல்லை.

எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும். கார் என்றால் பின் சீட்டில் ஏறித் தூங்குவேன். ஆனாலும், ஜர்னலிசம் டிப்ளமோவில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு: ஒருத்தர் சொன்னார் என்று எழுதாதே, போய்ப் பார். "மீதிப் பணத்தைப் போடாதீங்க மாமா, முதல்ல போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன். அன்று இரவு முழுக்க அந்தக் காரின் ஜாதகத்தைப் படித்தேன்.

ஸ்பிட்ஃபயரா, ஹெரால்டா?

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வாக இருக்கும். பின் சீட்டே கிடையாது. மாமா அனுப்பிய போட்டோவில் பின் சீட் இருந்தது, கண்ணாடி நெடுநெடுவென்று நிமிர்ந்து நின்றது. அது ஸ்பிட்ஃபயர் இல்லை. கூரையைக் கழற்றிய ஸ்டேண்டர்டு ஹெரால்டு. நம் மெட்ராஸில் செய்த கார்!

1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டேண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்துக்கு வண்டலூரில் தொழிற்சாலை இருந்தது. 1961-ல் இருந்து 70-களின் தொடக்கம் வரை அங்கே ஹெரால்டு தயாரானது. 948 சிசி இன்ஜின். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த வடிவம். பிறகு அதையே கொஞ்சம் மாற்றி கெஸல் என்று விட்டார்கள். 80-களில் வந்த ஸ்டேண்டர்டு 2000 எடுபடாமல் போய், 1988-ல் கார் தயாரிப்பே நின்றுவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'ஹெரால்டு' என்று சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது.

'ஸ்பிட்ஃபயர் மாடல்' என்று விற்பவர் எழுதியதும் முழுப் பொய் இல்லை. இரண்டும் ஒரே குடும்பம். ஹெரால்டின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, மாற்றி, அதன்மேல்தான் ஸ்பிட்ஃபயரை உட்காரவைத்தார்கள். படம் வரைந்ததும் அதே மிக்கலோட்டிதான்.

இந்த சேஸ்தான் நம் கதையின் நாயகன், வில்லன் இரண்டும்.

இன்று நாம் ஓட்டும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக சேஸ் கிடையாது. தளம், கூரை, தூண்கள் எல்லாம் ஒன்றாக வெல்டிங் செய்த ஒரே கூடு. ஹெரால்டு வந்த நேரத்தில் ஸ்டேண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு அப்படி முழுக் கூட்டையும் செய்து கொடுக்க ஆள் அமையவில்லை. அதனால் பழைய முறைக்கே போனார்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளமாக இரண்டு பெட்டிச் சட்டங்கள், அதில் இருந்து இரண்டு பக்கமும் நீளும் கைகள், கைகளின் நுனியை இணைத்துக் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம். அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டினார்கள். கூரைகூட போல்ட்தான். கழற்றினால் வந்துவிடும். முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். நம்மூர் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு இது எப்படிப்பட்ட வரம் என்று யோசியுங்கள்.

ஆனால் கனம் முழுக்கத் தாங்குவது அந்தச் சட்டங்கள். உள்ளே வெற்றிடமாக இருக்கும் இரும்புப் பெட்டிகள். மழைத் தண்ணீர், சேறு, தூசி உள்ளே போனால் வெளியே வர சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு புள்ளி தெரியும்போது உள்ளே தகடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மேலே என்ன பெயின்ட் அடித்திருந்தாலும் அது சொல்லாது.

மேஸ்திரியின் சுத்தியல்

தனியாகப் போனால் மாமா காரைப் பார்ப்பார், நான் மாமாவைப் பார்ப்பேன். வேறொன்றும் நடக்காது. அதனால் அனுப்பர்பாளையத்தில் இருந்து ஒரு டிங்கரிங் மேஸ்திரியைக் கூப்பிட்டுக்கொண்டோம். அவர் அப்பா, தாத்தா எல்லாம் பாத்திரம் அடித்தவர்கள். அனுப்பர்பாளையம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன இடம் என்பது தெரிந்ததுதானே. "அண்டாவைத் தட்டுனா சத்தத்துலயே எங்க மெலிசுன்னு சொல்லிப்போடுவாருங் எங்கப்பா. காரும் பாத்திரந்தானுங்" என்றார் வழியில்.

அவர் கொண்டுவந்தவை: கைப்பிடி தேய்ந்த ஒரு சின்ன சுத்தியல், ஒரு திருப்புளி, ஒரு டார்ச், ஒரு ஜாக்கி, கை துடைக்க ஒரு கட்டு பனியன் வேஸ்ட். காந்தம் மட்டும் மறந்துவிட்டார். மாமா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பழனி முருகன் படம் போட்ட காந்தத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். நான் என் பங்குக்கு, போனில் மாட்டும் குட்டி கேமரா ஒன்று வைத்திருந்தேன். வயர் நுனியில் பட்டாணி அளவு கேமரா, அதைச் சுற்றி விளக்கு. ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிறது. போன வருஷம் எங்கள் வீட்டுப் பாத்ரூம் குழாய் அடைத்தபோது வாங்கியது.

கார் நின்ற இடம் பல்லடம் ரோட்டில் இருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்து ஷெட். பழைய சாயப்பட்டறை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இதுவும் நின்றது, மறுபடி திறக்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் மேஸ்திரி காரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அடிச்சுவர் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை பூத்துப் பொரிந்திருந்தது.

"இது உப்பு அடுக்குன எடமுங்களா?"

"ஆமாங்ணா, அந்தக் காலத்துல உப்பு குடோன்" என்றார் விற்பவர்.

மேஸ்திரி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போடுவார்கள். அந்த உப்புதான் நொய்யலுக்குப் போய், ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போனது. அது பெரிய கதை, இன்னொரு வாரம் பேசுவோம். இங்கே விஷயம், உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உப்பு கலந்த ஈரம் இரும்பைச் சாதாரண ஈரத்தைவிட வேகமாகத் தின்னும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புப் போடுவார்கள். அங்கே டிரையம்ஃப் கார்கள் அடியில் இற்றுப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். நம்மூரில் பனி இல்லை, உப்பு உண்டு.

மேஸ்திரி முதலில் செய்தது, காரில் இருந்து பத்தடி தள்ளிப் போய்க் குந்தி உட்கார்ந்ததுதான். கதவுக்கும் உடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தார். மேலே ஒரு விரல்கூடப் போகாத அளவு நெருக்கம், கீழே விரல் தாராளமாக நுழையும். "நடு தொங்குதுங்" என்றார். சட்டம் வலுவிழந்தால் கார் நடுவில் லேசாகத் தொய்யும். கூரை இருந்தால் அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கூரையை எடுத்துவிட்ட காரில் முழுச் சுமையும் அடிச்சட்டத்துக்குத்தான்.

அடுத்தது முருகன். காந்தத்தை பனியன் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே உள்ள பட்டையில் முன்னால் இருந்து பின்னால் வரை மெதுவாக நகர்த்தினார். முதல் ஒரு அடி ஒட்டியது. பிறகு வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. உள்ளே தகடு இல்லை, பட்டி. இதில் நான் கற்றுக்கொண்ட ஒன்று: காந்தம் ரொம்ப வலுவாக இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் காந்தம் மாதிரி பெரிதாக இருந்தால் பட்டிக்கு அடியில் எங்கோ இருக்கும் இரும்பைக்கூடப் பிடித்துக்கொண்டு 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று நம்மை ஏமாற்றிவிடும். ஃபிரிட்ஜ் காந்தம்தான் சரி.

விற்பவர் இந்த நேரத்தில் பெயின்ட் எந்த பிராண்ட் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு மேஸ்திரி கோணிப்பையை விரித்துப் படுத்து அடியில் நுழைந்தார். அடிப்பகுதி முழுக்கத் தார் மாதிரி கறுப்பு கோட்டிங். புத்தம் புதுசு. 'அடியெல்லாம் கோட்டிங் அடிச்சே கொடுக்குறேன்' என்று விற்பவர் பெருமையாகச் சொன்னது இதைத்தான். கேட்பதற்கு நல்ல விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் ஐம்பது வயதுக் காரின் அடியில் அழுக்கு, பழைய ஆயில், கொஞ்சம் மேல்துரு எல்லாம் இருப்பதுதான் இயல்பு. விற்கும் மாதத்தில் அடித்த கறுப்பு, பாதி நேரம் பர்தாதான்.

டிங்... டிங்... டிங்... சுத்தியல் நடுச்சட்டத்தின் முன்பக்கத்தில் இருந்து பின்னால் நகர்ந்தது. நான் ஷெட்டு வாசலில் நின்று கேட்டேன். கோயில் மணி அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு சுத்தமான சத்தம். பின் சீட்டுக்குக் கீழே வந்ததும் டிங், 'தொப்' என்று மாறியது. நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டுவது மாதிரி. மாமா ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்தார். கட்டிங் டேபிளில் துணியைத் தொட்டே குறை கண்டுபிடித்த மனுஷன். சத்தம் புரியாமலா இருக்கும்?

"ஓனருங், திருப்புளி வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேஸ்திரி வைத்தார். இது முக்கியம். அடுத்தவர் காரில் கேட்காமல் குத்தக் கூடாது, ஓட்டை விழுந்தால் சண்டை வரும். விற்பவர் தயங்கிச் சரி என்றார். பெரிதாக அழுத்தக்கூட இல்லை. பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், பக்கவாட்டுக் கை நடுச்சட்டத்தில் சேரும் இடத்தில், திருப்புளி கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

அந்த ஓட்டை வழியாக என் கேமராவை விட்டோம். போன் திரையை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். உள்ளே குகை மாதிரி ஆரஞ்சு நிறம். தகடு அடுக்கடுக்காக, ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கிறது. இரும்பு துருவாக மாறும்போது தான் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் இப்படி உப்பிப் பிரிந்து, வெல்டிங் தையலையே பிளக்கும் என்று மேஸ்திரி விளக்கினார். கொஞ்சம் தள்ளி, யாரோ எப்போதோ ஓட்டையை அடைக்கத் திணித்த செய்தித்தாள் உருண்டை. அதன்மேல் ஃபைபர் துணியும் பட்டியும் பூசி, தேய்த்து, கறுப்பு அடித்திருக்கிறார்கள். பத்திரிகைக்காரி என்ற முறையில் அது எந்தப் பத்திரிகை என்று படிக்க முயன்றேன். முடியவில்லை.

கடைசியாக ஜாக்கி. ஒரு பக்கம் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கத்துச் சட்டத்துக்குக் கீழே மரக்கட்டை வைத்துக் கொஞ்சம் தூக்கினார். நல்ல சேஸ் என்றால் கார் மொத்தமாக மேலே எழும்ப வேண்டும். இங்கே முதலில் சட்டம் கரகரவென்று நசுங்கியது. பிறகுதான் கார் அசைந்தது. கதவைத் திறக்கச் சொன்னார். திறக்கவில்லை. சிக்கிக்கொண்டது.

"எறக்கிடறேனுங், இதுக்கு மேல தூக்குனா எனக்குப் பயமா இருக்குதுங்."

ஷெட்டில் யாரும் பேசவில்லை. இந்தக் காரில் அத்தையை உட்காரவைத்து மாமா அவிநாசி ரோட்டில் எழுபதில் போயிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பின் சக்கரத்தையும் டிஃப்ரன்ஷியலையும் தாங்குவதே அந்த இற்றுப்போன பகுதிதான்.

உங்களில் பலர் 'நான் எங்கே ஹெரால்டு வாங்கப் போகிறேன்' என்று நினைக்கலாம். சாதாரண செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போதும் இதில் முக்கால்வாசி உதவும். 2015, 2023 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் மாதிரியான வண்டிகள் கழுவித் துடைத்து வெளியூர்களில் விற்பனைக்கு வருவது உண்டு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பாருங்கள். கால் மிதியைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை வரி வரியாகத் தெரியலாம், அந்த நுனியை யாரும் கழுவ மாட்டார்கள். சீட் நிற்கும் போல்ட்டுகளில் துரு இருந்தால் கேள்வி கேளுங்கள். அங்கே மழை பெய்யாது.

பழைய கார் என்றால் கூடவே ஆர்.சி. புக். அதில் உள்ள சேஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றா என்று பென்சில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் பதியும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதும் அதுதான். நம்பர் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி வேறு சட்டத்தில் ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது வெல்டிங் மேடு விரலில் தட்டும். எங்கள் காரில் நம்பர் சரியாகத்தான் இருந்தது. ஆர்.சி.யில் ஸ்டேண்டர்டு ஹெரால்டு என்றே போட்டிருந்தது. கூரையை எடுத்ததற்கு ஆர்.சி.யில் ஒரு குறிப்பும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி இப்படி வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

மாமா இன்னொரு நம்பிக்கையும் வைத்திருந்தார். '50 வருஷம் தாண்டுனா வின்டேஜ் நம்பர் குடுப்பாங்க.' உண்மைதான். 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு தாண்டிய கார், டூ வீலர்களுக்கு நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும் தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் அசலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதைவிட முக்கியம், அந்த நம்பரில் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். அத்தையைக் கூட்டிக்கொண்டு அவிநாசி கோயிலுக்குப் போவது அந்தப் பட்டியலில் இல்லை.

விற்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் இருந்து கிளம்பும்போது ஏமாற்றுக்காரர் ஒருவரைப் பிடிக்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான் போனேன். கேமராவில் பார்த்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு, இதே மாதிரி பளபளப்பில், இதே 'ஃபுல் ரெஸ்டோர்டு' என்ற வார்த்தையை நம்பி வெளியூரில் வாங்கியிருக்கிறார். கொண்டுவந்து உப்பு குடோனில் விட்டார். விற்கலாம் என்று முடிவு செய்த பிறகு, 'அடியில ஒரு கோட்டிங் அடிச்சா நல்ல ரேட்டு போகும்' என்று யாரோ சொல்ல, அடித்திருக்கிறார். பட்டியும் பேப்பரும் அவருக்கு முன்னால் இருந்தவர் வேலை. தெரிந்தே மறைத்தது அந்தக் கறுப்பு கோட்டிங் மட்டும்தான். அதையும் அவர் மறைப்பதாக நினைக்கவில்லை, அழகுபடுத்துவதாக நினைத்திருக்கிறார். தெரியாமல் செய்தார் என்பதற்காக அந்தக் கார் பாதுகாப்பாகிவிடாது. ஆனாலும் திட்ட மனம் வரவில்லை.

25 ஆயிரத்தில் 20 ஆயிரத்தை அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார். மீதி ஐந்தாயிரம் 'வேற பார்ட்டிய வேண்டாம்னு சொல்லிட்டேனுங், அதுக்கு' என்றார். மாமா வாதாடவில்லை. மேஸ்திரி கூலி ஆயிரம், டீ, பன். ஆக, மொத்த நஷ்டம் ஆறாயிரத்துச் சொச்சம். பார்க்காமல் அட்வான்ஸ் போட்டதற்கு ஃபீஸ் என்று அத்தை கணக்கில் எழுதிவிட்டார்.

திரும்பும் வழியில் மாமா கேட்ட ஒரே கேள்வி, "இதைச் சரி பண்ணவே முடியாதா மேஸ்திரி?"

முடியும் என்றார். ஆனால் துருவின்மேல் தகடு வைத்து ஒட்டுப் போடுவது வேலை இல்லை, ஓரம் மறுபடி இற்றுக்கொண்டே போகும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுப் பெட்டி செய்து வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே பைப் வைத்து வெல்டிங் அடித்து, உடலைப் பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரை இல்லாத கார் புத்தகம் மாதிரி நடுவில் மடங்கிவிடும். அப்புறமும் கதவு பொருந்துமா என்று வைத்து வைத்துப் பார்க்க வேண்டும். "காரு வெலையில பாதி ஆயிருமுங். நல்ல சட்டம் இருக்கற வண்டி, பெயின்ட் போயி, சீட்டு கிழிஞ்சு, பாக்க அசிங்கமா கெடந்தாலும் அதை வாங்குங். பெயின்ட்டு ஒரு மாசத்து வேலை. சட்டம் அப்படி இல்லீங்."

நல்ல சட்டம் உள்ள வண்டி கிடைத்தால் எப்படிக் காப்பாற்றுவது என்றும் கேட்டேன். பாதி திருப்பூர்க்காரர்கள் செய்யும் தப்பு, போர் தண்ணீரில் கார் கழுவுவது. குடிக்க மேட்டுப்பாளையத்தில் இருந்து பவானித் தண்ணீர் வருகிறது, கார் கழுவ உப்புக்கரிக்கும் போர் தண்ணீர்தான். கழுவியதும் வெள்ளைப் புள்ளி நிற்கிறதே, அதேதான் அடியிலும் காய்ந்து நிற்கும். கடைசி ஒரு பக்கெட்டாவது நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னார். சட்டத்தின் அடி ஓட்டைகளை வருஷத்துக்கு ஒரு முறை கம்பி விட்டுக் குத்திவிடச் சொன்னார். உள்ளே அடிப்பதற்கு மெழுகு ஸ்பிரே கிடைக்கிறது. பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், பின்னால் யாராவது வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும்.

அடுத்த ஞாயிறு மாமாவைக் கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். பழைய கார் ஆசை கண்ணாலேயே தீர்ந்துவிடும் என்ற கணக்கில்தான். மூன்று மணி நேரம் சுற்றினார். ஒவ்வொரு காருக்கும் முன்னால் நின்று, பெயரைப் படிப்பதற்கு முன்பே குனிந்து கதவு இடைவெளியைப் பார்த்தார். என் கணக்கு தப்பிவிட்டது.

அத்தை இப்போதைக்கு ஒரு ஓவர்லாக் மட்டும் செகண்ட் ஹேண்டில் பேசி முடித்திருக்கிறார். மாமா மதுரைப் பக்கம் ஒரு நாலு கதவு ஹெரால்டு இருப்பதாக யாரிடமோ விசாரித்துக்கொண்டிருக்கிறார், பெயின்ட் இல்லாத வண்டியாம். அட்வான்ஸ் போடவில்லை என்று சத்தியம் செய்கிறார். பழனி முருகன் மட்டும் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறார். கரன்ட் பில் ஃபிரிட்ஜில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கிறது என்று நேற்றும் காலை ஏழு மணிக்கு அத்தை போன் செய்தார்.